கற்பதற்கு ஓர் இடம்: தூத்துக்குடிக் கரையிலிருந்து அப்ரண்டிஸ் சட்டத்தைப் படித்தல்



தூத்துக்குடியில் பெரிய அளவில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு 1961இல். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அப்ரண்டிஸ் சட்டத்தை இயற்றியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள்தான். ஆனாலும் இந்தக் கரையில் வாழும் நாம் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்குப் போகிறவரின் உயிர், மேலே படகில் கயிறு பிடித்திருப்பவரின் கையில் இருந்தது. அதனால்தான் மைத்துனரைக் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று கரையில் சொல்வார்கள். தொழில் உறவுக்குள்ளேயே கைமாறியது. கடலில் மட்டுமா? கொல்லுப்பட்டறை, தச்சுப்பட்டறை, பொற்கொல்லர் கடை எல்லாம் அப்படித்தான். மகனுக்கோ மருமகனுக்கோ தவிர வேறு யாருக்கும் உளியைக் கொடுக்காத சமூகத்தில், சேரிப் பையன் எந்தப் பட்டறைக்குள் நுழைந்து கை பழகியிருக்க முடியும்? தெரியாதவன் பிள்ளைக்கும் தொழில் கற்றுக்கொடு என்று முதலாளிக்குச் சட்டம் உத்தரவிடுவதை வெறும் தொழிற்சாலை விவகாரமாக நாம் பார்க்க முடியாதது இதனால்தான்.

இதற்கு முன்பும் ஒரு சட்டம் இருந்தது. 1850ஆம் ஆண்டின் 19ஆவது சட்டம். அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துக் கம்பெனி அரசு கொண்டுவந்தது. 10 வயது முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளையை, அதிகபட்சம் ஏழாண்டுகள் ஒரு எஜமானரிடம் ஒப்பந்தம் எழுதிக் கட்டிவைக்கலாம். திரிந்ததற்காகவோ சிறு குற்றத்துக்காகவோ தண்டிக்கப்பட்ட பிள்ளையை மாஜிஸ்திரேட்டே பாதுகாவலர் இடத்தில் நின்று ஒப்படைக்கலாம். தகப்பன் அடிக்கிற அளவுக்கு எஜமானரும் அடிக்கலாம். தொழில் கற்பிப்பதைவிடத் தெருவில் நிற்கும் பிள்ளையை அப்புறப்படுத்துவதில்தான் அந்தச் சட்டத்துக்கு அக்கறை அதிகம் என்பது நம் கருத்து.

தொழில் பழகுதலை உரிமையாகக் கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1942 அக்டோபரில், வைஸ்ராய் நிர்வாகக் கவுன்சிலின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, ஒடுக்கப்பட்டோர் குறைகள் பற்றி லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு கொடுத்தார். பதவிகளில் பங்கு, கல்விக்கு உதவி ஆகியவற்றோடு தொழில்நுட்பப் பயிற்சியையும் அதில் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளை அப்ரண்டிஸ்களாக எடுக்கலாம் என்று இடத்தைக் குறிப்பிட்டே எழுதினார். அம்பேத்கர் என்றதும் கல்லூரியும் நீதிமன்றமும் நினைவுக்கு வருகிற அளவுக்கு லேத் பட்டறை நமக்கு நினைவு வருவதில்லை. அது நம்முடைய குறைதான்.

1961 சட்டத்தில் அந்தக் கோரிக்கை இல்லை. அறிவிக்கப்பட்ட தொழில்களில் அப்ரண்டிஸ்களை எடுப்பது நிறுவனங்களின் கடமை என்றது. யாரை எடுப்பது என்பதில் சாதியைப் பற்றிப் பேசவில்லை. 1973 திருத்தத்தில்தான் 3ஏ பிரிவு வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மனு கொடுத்து 31 ஆண்டுகள் கழித்து! பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் விதிகள் ஒரு சந்து வைத்திருக்கின்றன: பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ போதுமான எண்ணிக்கையில் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை மற்றவரைக் கொண்டு நிரப்பலாம். "கிடைக்கவில்லை" என்ற ஒரு சொல் எத்தனை கதவுகளைச் சாத்தும் என்பதை இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 18ஆவது பிரிவு. அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. ஆலைப் பாதுகாப்பு விதிகளும் விபத்து இழப்பீடும் மட்டும் விலக்காகத் தனிப் பிரிவுகளில் தரப்பட்டிருக்கின்றன. 1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கிய ஊர் இது. அதே ஊரில் இன்று ஆலைச் சீருடையோடு காலை ஷிப்டுக்குப் போகிற பையன் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி இல்லை.

22ஆவது பிரிவோ, பயிற்சி முடிந்தவருக்கு வேலை கொடுக்கும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்றது. 1995இல் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, அப்ரண்டிஸ்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தானே கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

தண்டனையும் அந்தத் திருத்தத்தில் தளர்ந்தது. முன்பு முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று இருந்தது. 2014 திருத்தத்தின்படி, இடத்தை நிரப்பாவிட்டால், குறையும் ஒவ்வோர் இடத்துக்கும் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் 500 ரூபாய், அதன்பின் 1,000 ரூபாய் அபராதம். 2019 விதிகளின்படி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை, தகுதியைப் பொறுத்து, மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். அதில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், 2016இல் வந்த ஊக்குவிப்புத் திட்டத்தின் வழியே மத்திய அரசு ஏற்றது. அதைக் கழித்தாலும், எடுப்பதைவிட எடுக்காமல் இருப்பதே மலிவு. இந்தக் கணக்கு முதலாளிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

1974 ஜூலை 11இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. உர ஆலை, கனநீர் ஆலை, அனல்மின் நிலையம் என்று அந்தப் பத்தாண்டிலேயே அடுத்தடுத்து வந்தன. 3ஏ பிரிவும் அதே காலத்துப் பிள்ளைதான். உப்பளத்துக் கூலிகளின் பிள்ளைகள் ஃபிட்டராக, எலக்ட்ரீஷியனாக, வெல்டராக ஆக வாய்த்த காலம் அது. ஆனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டின் கூரை மாறியது அவர்கள் தலைமுறையில்தான். அவர்களுக்குப் பின் வந்த நம் தம்பி ஒருவன், ஐ.டி.ஐ. முடித்து ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்த அதே ஆலையில், இப்போது ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்கு வால்வு கழற்றுகிறான். சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

எனவே இந்த ஆண்டு நம் மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். மாநில அப்ரண்டிஸ் ஆலோசகர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதுங்கள். மாவட்டத்தில் ஒவ்வொரு நிறுவனமும் 3ஏ பிரிவின்படி எத்தனை இடம் ஒதுக்கியது, அவற்றில் எத்தனை "கிடைக்கவில்லை" என்று மற்றவருக்குப் போனது, பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தது என்று கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். பதில் முப்பது நாளில் வர வேண்டும்.