மஞ்சள் கம்பி, பச்சைக் கம்பி

பொக்லைனிலும் ஜேசிபியிலும் கணினி ஏறியதோடு பழைய மெக்கானிக்கின் காலம் முடிந்துவிட்டது, இனி லேப்டாப்போடு வரும் கம்பெனி ஆளின் காலம் என்று தொழில் வட்டாரத்தில் சொல்வதுண்டு. சென்னையின் மேற்குப் புறநகரை, அதாவது பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் வரைக்கும், தெற்கே பூந்தமல்லி வரைக்கும் விரியும் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு செல்லுபடியாகாது. கட்டுமான எந்திரங்களின் மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போகும்போது அதைக் கண்டுபிடிக்கும் வித்தை, இங்கே ஆட்டோ எலக்ட்ரீசியனின் தொழிலிலிருந்து தொடர்ந்து வருவது. இன்றும் அது அவர் கைக்குள் இருக்க வேண்டியது என்பதே என் வாதம்.

இந்த வட்டாரத்தின் வரிசையைப் பாருங்கள். 1961-ல் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வந்தது. செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் அதன் பிழைப்பு. அடுத்த ஆண்டே பிரேக் பாகங்களுக்காகச் சுந்தரம் கிளேட்டன். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆவடியில் 1961-ல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. டாங்கிகளுக்கான ஆராய்ச்சி நிலையம் 1976-ல் அகமதுநகரிலிருந்து ஆவடிக்கு இடம்பெயர்ந்தது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மண் அள்ளும் எந்திரங்களைச் செய்தது. 2000-களின் தொடக்கத்தில் அந்த ஆலை கேட்டர்பில்லர் கைக்குப் போனது. ஆலைக்குள் இருந்த அறிவெல்லாம் மதில் தாண்டித் தெருப் பட்டறைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. டாங்கியின் வயரிங்கை வெளியாள் தொட்டிருக்க முடியாது. ஆனால் கனரக எந்திரமும் அதன் மின்பாகமும் ஒரே வட்டாரத்தில் உருவாகும்போது, அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைகளும் அங்கேதான் கூடும். அந்தக் கைகள் கேட்டுப் பழகியவை மூன்று கேள்விகள்: கரண்ட் வந்து சேர்கிறதா, எர்த் வழியாகத் திரும்புகிறதா, நடுவில் எங்கே குறைகிறது? டெஸ்ட் லேம்ப் ஒன்றே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு கம்பிகள் பெருகின. ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் ஹார்னஸ் என்னும் கம்பிக்கட்டு தாங்காது என்ற நெருக்கடிக்கு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் விடை தேடத் தொடங்கியது. 1986-ல் டெட்ராய்ட் மாநாட்டில் அதன் ‘கேன்’ முறை அறிவிக்கப்பட்டது. 1993-ல் அது ஐஎஸ்ஓ தரமானது. லாரி, கட்டுமான எந்திரங்களுக்கென்று அதன்மேல் ஜே1939 என்ற விதிமுறை எழுந்தது. முறுக்கிய இரண்டே கம்பிகள், மஞ்சளும் பச்சையும். என்ஜின், கியர், ஹைட்ராலிக், மீட்டர் பெட்டிகள் எல்லாம் அந்த ஒரே சாலையில் விநாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் பேசிக்கொள்ளும். இதில் பழுது வந்தால் அதன் முகமே வேறு. என்ஜின் பெட்டி வாயடைத்துப் போனால் அதன் செய்திக்காகக் காத்திருக்கும் மற்ற பெட்டிகள் எல்லாம் ‘செய்தி வரவில்லை’ என்று பழுதுக் குறியீடு பதிவு செய்யும். லேப்டாப்பில் பத்துப் பழுதுகள் தெரியும். உண்மையில் பழுது ஒன்றே, அதுவும் புகார் சொன்ன பெட்டியில் இருக்காது. திரையில் வந்த பெயரை நம்பி நல்ல பெட்டியைக் கழற்றி விலையுயர்ந்த புதிய பெட்டியை மாட்டுவது இதனால்தான் நடக்கிறது. எலக்ட்ரீசியனின் பழைய வழியோ நேரே இடத்துக்குப் போகும். சாலையின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கிடையே மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை ரெசிஸ்டர் போயிருக்கும், அல்லது வழியில் கம்பி அறுந்திருக்கும். பூஜ்யத்தை ஒட்டினால் ஷார்ட். 40 என்றால் வேண்டாத மூன்றாவது ரெசிஸ்டரை யாரோ சேர்த்திருக்கிறார்கள். ஷார்ட் தெரிந்தால் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது. எதைப் பிடுங்கியதும் அளவு திரும்புகிறதோ அந்தக் கிளைதான் குற்றவாளி. சாவி போட்ட நிலையில் இரு கம்பிகளும் இரண்டரை வோல்ட்டை ஒட்டி, மஞ்சள் சற்று மேலும் பச்சை சற்றுக் கீழுமாக நிற்க வேண்டும். இவ்வளவுக்கும் லேப்டாப் தேவையில்லை.

பழுது வரும் இடங்களும் எலக்ட்ரீசியன் பக்கமே சாட்சி சொல்கின்றன. மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கும் சிப்பை மழையும் அதிர்வும் எளிதில் தொடுவதில்லை. பூம் மடங்குமிடத்தில் உராயும் கம்பியையும், சேறு போக வேகத் தண்ணீர் அடித்துக் கழுவப்படும் கப்ளரையும் தினமும் தொடுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே வெள்ளத்தில் கிடந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற எந்திரம் அன்றே படுத்துவிடும் என்பதில்லை. கப்ளரின் பின்னில் களிம்பு ஏறச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் வெள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

இதெல்லாம் பழைய எந்திரத்துக்குப் பொருந்தும், புதியவற்றுக்கு அல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. சக்கரக் கட்டுமான வாகனங்களுக்கு 2021 ஏப்ரலில் நான்காம் கட்டப் புகை விதிகளும், 2025 ஜனவரியில் ஐந்தாம் கட்டமும் வந்தன. புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சாரே இன்று அந்தச் சாலையில் பேசும் ஒரு பெட்டி. புதுப் பெட்டிக்கு மென்பொருள் ஏற்றுவது, அதை எந்திரத்தோடு இணைப்பது ஆகியவற்றை மல்டிமீட்டர் செய்யாது. அங்கே கம்பெனி லேப்டாப் வேண்டும்தான். ஆனால் அந்தச் சென்சாருக்குப் போகும் கம்பி அறுந்தால் அது பழைய பழுதே. இன்னொரு மறுப்பு கனமானது: எந்திரத்தின் மின்னணுத் தகவலை வெளியாளுக்குத் திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டையே அணைத்துவிடுவார்கள் என்பது. அந்த அச்சம் நியாயமானது. அதற்கான பூட்டு, பெட்டிக்குள் மென்பொருளை எழுதும் வழியில் இருக்கட்டும். பழுதுக் குறியீட்டைப் படிப்பதற்கும் வயரிங் வரைபடத்தைப் பார்ப்பதற்கும் பூட்டுப் போட்டு எந்தப் புகையும் குறையப்போவதில்லை. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணைய தளத்தைத் தொடங்கியபோது விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என நான்கு துறைகளைச் சேர்த்தது. கட்டுமான எந்திரங்கள் தனித் துறையாக அதில் இடம்பெறவில்லை. ஐந்தாவதாக அவற்றையும் சேர்த்து, எந்தக் கப்ளரின் எந்தப் பின்னுக்கு எந்தக் கம்பி போகிறது என்ற வரைபடத்தை எந்திரத்தோடு சேர்த்தே வாங்குபவர் கையில் கொடுக்கச் சொன்னால், பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் நின்றுபோன எந்திரத்துக்கு அம்பத்தூர் எலக்ட்ரீசியன் அன்றைக்கே போய்ப் பார்க்க முடியும்.