தீவனப் பகுப்பாய்வும் தீட்டிய அரிசியும்: கால்நடை ஊட்டவியல் வரலாற்றில் ஒரு மலாயாப் பக்கம்

கால்நடை மருத்துவ மாணவர் ஊட்டவியலில் முதற்கண் கற்பவற்றுள் ஒன்று தீவனப் பகுப்பாய்வு. ஈரம், சாம்பல், கச்சாப் புரதம், கொழுப்பு, நார்ப்பொருள், எஞ்சிய மாவுப்பொருள் என ஆறாகப் பகுக்கும் இம்முறையை ஜெர்மனியின் வீண்டே ஆய்வு நிலையத்தில் ஹென்னபெர்க்கும் ஸ்டோமனும் 1860-களில் வகுத்தனர். இன்றைய தீவன மூட்டைகளில் அச்சிடப்படும் விழுக்காடுகள் அதன் வழிவந்தவையே. ஆயினும் இவ்வட்டவணை கூறாது விடுவது யாது என்பதைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அதனை உணர்த்திய சான்றுகளுள் ஒன்று தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப் பானையிலிருந்து கிடைத்தது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

இன்றைய ஜாகர்த்தாவான பத்தாவியாவில், 1890-ஆம் ஆண்டை ஒட்டி, டச்சு மருத்துவர் ஐக்மானின் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறே அப்போது அவற்றின் தீனி. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் அவை தேறின. மாவுப்பொருளில் நஞ்சு உண்டு, தவிடு அதனை முறிக்கிறது என்று ஐக்மான் கருதினார். நஞ்சு அன்று, குறைபாடே காரணம் என 1901-இல் திருத்தியவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ். நோபல் பரிசோ 1929-இல் ஐக்மானுக்கே கிட்டியது!

மலாயாவில் இதே வினா மனித உயிர்களின் கணக்காக எழுந்தது. ஈயச் சுரங்கங்களில் தீட்டிய சியாம் அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் பெருமளவில் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட தமிழரிடையே அந்நோய் அரிதாக இருந்ததை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907-இல் வெளியிட்ட நூலில் முதன்மைச் சான்றாக வைத்தார். கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் இருவகை அரிசியையும் தனித்தனிக் குழுக்களுக்கு அளித்துப் பார்த்தார். தீட்டிய பச்சரிசி உண்ட ஏறத்தாழ 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசிக் குழுவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. விடுதியில் அடைபட்டிருந்தோர்மீது நடத்தப்பட்ட சோதனை இது. இன்றைய அறநெறிக் குழு எதுவும் இதற்கு இசைவு தந்திராது.

நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலுள்ள நீரிற் கரையும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சுகிறது. நம் முன்னோர் இதனை அறிந்தே புழுக்கினர் என்று மேடைகளில் பெருமை பேசுவதற்கு ஆதாரம் இல்லை. குத்தும்போது நொய்யாகாமை, நெடுநாள் கெடாமை ஆகியவையே போதிய காரணங்கள். வங்காளத்தாரும் இலங்கையரும் அவ்வாறே புழுக்கினர்.

பிரேசரும் ஸ்டான்டனும் 1907 முதல், சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடம் இதனை உறுதிப்படுத்திய பின், மீண்டும் கோழிகளிடமே திரும்பினர். தவிட்டின் சாராயச் சாறு கோழிகளைக் காத்தது. எனினும் அச்சாற்றிலுள்ள பொருளை அளக்க வழியில்லை. எனவே தவிடு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதற்கு அடையாளமாக அரிசியின் பாஸ்பரஸ் அளவைக் கொண்டனர். பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டிற்குக் குறைந்த அரிசி ஐயத்திற்குரியது என்றனர். பகுப்பாய்வு அட்டவணையின் போதாமையைக் காட்டியோரே, வேறொரு பகுப்பாய்வு எண்ணை நாட வேண்டியதாயிற்று. அப்பொருளை, இன்று தயமின் எனப்படுவதை, ஜான்சனும் டோனாத்தும் படிகமாகப் பிரித்தெடுத்தது 1926-இல், அதே பத்தாவியாவில். ஒவ்வொரு படியிலும் அதன் இருப்பைச் சோதிக்க அவர்கள் நம்பியது சிறு நெற்குருவிகளையே.