மறுமுறை காணத்தக்க படங்கள்



சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். பாடநூலில் ஏதேனும் ஐயம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "ஐயா, பழைய தமிழ்ப் படங்களில் ஒரு முறைக்கு மறுமுறையும் பார்க்கத்தக்கவை எவை? தங்கள் பட்டியல் ஒன்று வேண்டும்" என்றார். பல ஆண்டுகள் வரலாறு கற்பித்த ஒருவனிடம் திரைப்படப் பட்டியல் கேட்பது உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதன் காரணத்தையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு படத்தை முதன்முறை பார்க்கும்போது நாம் கதையின் பின்னால் ஓடுகிறோம். அடுத்து என்ன நேரும், நாயகன் பிழைப்பானா, தீயவன் அகப்படுவானா என்பதிலேயே மனம் நிற்கிறது. மறுமுறை பார்க்கும்போது கதை தெரிந்துவிட்டதனால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. அப்போதுதான் அந்தக் காலத்துத் தெருவும் திண்ணையும், உடையும் நடையும், பெரியவர்முன் இளையவர் நிற்கும் முறையும் நமக்குப் புலப்படுகின்றன. பண்டைக் காலத்தை அறியக் கல்வெட்டும் செப்பேடும் உதவுவதுபோல, இருபதாம் நூற்றாண்டை அறியத் திரைப்படமும் உதவுகிறது. அந்த எண்ணத்துடன்தான் மாணவருக்காகத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

முதலில் எழுதிய பெயர் 'காளிதாஸ்'. எழுதியவுடனே அதை அடித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

என் பாட்டியார் சென்னையில் வாழ்ந்தவர். தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியாயிற்று. பாட்டியார் அதை அங்கே பார்த்தவர். "நாயகி தமிழில் பேசினாள், நாயகன் தெலுங்கில் மறுமொழி சொன்னான். நாங்கள் யாரும் அதைக் குறையாகவே எண்ணவில்லை. படம் பேசுகிறதே, அதுவே போதாதா!" என்று சொல்லிச் சிரிப்பார். டி. பி. ராஜலட்சுமியின் பாட்டையும், ஒரு குறத்தி நடனத்தையும் மட்டும் அவர் மறக்கவேயில்லை. அந்த நடனம் காளிதாசன் கதைக்குள் வந்ததா, தனியே காட்டப்பட்டதா என்று நான் பலமுறை கேட்டேன். அவருக்கு நினைவில்லை. எச். எம். ரெட்டி இயக்கி, பம்பாயில் எடுக்கப்பட்ட அந்தப் படத்துடன் நாட்டுப்பற்றுப் பாடல்களும் நடனமும் கொண்ட தனிச் சுருள்களும் காட்டப்பட்டன என்று நூல்களில் படித்திருக்கிறேன். படித்து என்ன பயன்? பாட்டியார் கண்டதை என் கண்ணால் காண வழியில்லை. 'காளிதாஸ்' படத்தின் ஒரு படியும் இன்று எஞ்சவில்லை. மறுமுறை காணத்தக்க படம் என்று அதை எவ்வாறு பட்டியலில் வைப்பது?

ஆகவே எஞ்சியுள்ள படங்களுள் ஐந்தைத் தேர்ந்தேன்.

முதலாவது, கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி'. ஆண்டு 1939. கல்கி எழுதிய கதை ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் உருவாயிற்று. தொடருக்குப் படத்தின் காட்சிகளே சித்திரங்களாயின. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும், எஸ். டி. சுப்புலட்சுமி அவர் மகள் சாவித்திரியாகவும் நடித்தனர். கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி பின்னர்ச் செல்வச் சீமாட்டி ஆகிறாள். அவளுடன் சேர்ந்து வாழ உரிமை கேட்டுக் கணவன் வழக்காடுகிறான். அவளோ, வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் கூறுகிறாள்! 1939இல் ஒரு தமிழ்ப் பெண் திரையில் இப்படிப் பேசினாள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தப் படத்தைப் பார்க்கும்போது ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. தணிக்கைப் பிடி தளர்ந்திருந்த அந்தச் சிறு இடைவெளியில்தான் கதரும் விடுதலைப் போரும் திரையில் இவ்வளவு வெளிப்படையாக வர முடிந்தது. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகிற்று. 1940இல் படம் தடை செய்யப்பட்டது. ஓர் அரசாங்கம் ஒரு கதையைக் கண்டு அஞ்சியதென்றால், அக்கதை எதைத் தொட்டது என்று ஆராய்வது வரலாற்று மாணவனின் கடமையன்றோ?

இரண்டாவது, 'ஹரிதாஸ்'. சுந்தர்ராவ் நட்கர்னியின் இயக்கத்தில் 1944 தீபாவளிக்கு வெளிவந்தது. பெற்றோரை இகழ்ந்த மகன் துன்புற்றுத் திருந்தி அவர்களுக்குத் தொண்டனாகும் கதை. அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. படச்சுருளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தமையால், எந்தப் படமும் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசு வரையறுத்தது. பேசும் படத்தின் சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். நீங்களே வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வரும். அதற்கு முன்னர் மூன்று மணி நேரம் ஓடிய படங்கள் பல. 'ஹரிதாஸ்' கதை தொய்வின்றி விரைவதற்குப் போர்க்காலக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

படம் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அந்தப் புகழை அதன் நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர் வெளியிலிருந்து கண்டாரில்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும், அதே படத்தில் நடித்த என். எஸ். கிருஷ்ணனும் 1944 இறுதியில் கைதாயினர். 1947இல்தான் குற்றமற்றவர்கள் என விடுதலை பெற்றனர். திரையில் அவர் பாட, கொட்டகையில் மக்கள் மெய்மறந்திருந்த நாட்களில், பாடியவர் சிறையில் இருந்தார். இதை அறிந்தபின் அப்படத்தை மறுமுறை பார்த்தேன். பாட்டு அதே பாட்டுத்தான். கேட்ட என் மனம் மாறியிருந்தது.

மூன்றாவது, எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா'. 1948 ஏப்ரலில் வெளியாயிற்று. சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வந்த கூடாரக் கொட்டகையில் மணல்மீது அமர்ந்து இதைக் கண்டேன். மாபெரும் முரசங்களின்மேல் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசங்களின் உள்ளிருந்து வீரர்கள் வெளிப்பட்டுப் பாய்கிறார்கள். கூடாரமே ஆரவாரித்தது. நானும் ஆரவாரித்தேன். பெரியவனான பின் பார்த்தபோது, அந்தக் காட்சியின் பின்னுள்ள உழைப்பு தெரிந்தது. கணிப்பொறி கொண்டு கூட்டத்தைப் பெருக்கிக் காட்டும் வித்தை அப்போது இல்லை. அங்கே நூறு பேர் ஆடினால் நூறு பேர் உண்மையாகவே ஆடியிருக்கிறார்கள். தச்சரும் தையற்காரரும் ஓவியரும் மாதச் சம்பளத்தில் பணிபுரிந்த ஜெமினி போன்ற பெரும் ஸ்டூடியோக்களின் காலம் அது. அக்காலம் மறைந்துவிட்டது. அந்தப் பெயர் தெரியாத தொழிலாளர்களின் கைவண்ணத்துக்கு அந்த முரசங்களே சான்றாக நிற்கின்றன.

நான்காவது, 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனின் முதற்படம். மாணவப் பருவத்தில் எங்களுக்கு இந்தப் படம் என்றால் நீதிமன்றக் காட்சிதான். அந்த வசனத்தை விடுதி வராந்தாவில் நின்று ஒப்பிக்காத மாணவன் இல்லை. வேறொன்றும் படத்தில் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மறுமுறை பார்த்தபோதுதான் என் தவறு விளங்கிற்று. படத்தின் அண்ணன்மார் பர்மாவில் பிழைக்கச் சென்ற தமிழர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். இலட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவே காடும் மலையும் கடந்து தாயகம் நோக்கி நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். அந்தப் பெருந்துயரின் சுவடு இப்படத்தில் இருக்கிறது. கால் இழந்து, பிச்சைக்காரர் நடுவே வாழும் சகோதரனை அடுத்த முறை கூர்ந்து பாருங்கள். வசனத்தின் முழக்கத்தில் நான் காணத் தவறிய வரலாறு அவன்தான்.

ஐந்தாவது, 'அந்த நாள்'. 1954இல் ஏவி. எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கியது. பின்னாளில் வீணை மேதையாக உலகப்புகழ் பெற்ற அவர், பாட்டே இல்லாத படம் ஒன்றை எடுத்தார் என்பது வியப்பு. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய செய்தியோடு கதை பிணைந்திருக்கிறது. வானொலிப் பொறியியலாளன் ஒருவன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். மனைவி, தம்பி, அண்டை வீட்டார் என ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை. கொன்றவர் யார் என்பதை நான் சொல்லமாட்டேன்; இன்னும் பார்க்காதவரின் இன்பத்தைக் கெடுப்பது நன்றன்று. ஆனால் விடை தெரிந்தபின் மறுமுறை பார்த்தால், யார் என்ற கேள்வி போய், ஒவ்வொருவரும் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்ற கேள்வி எழும். சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் கலையைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வகுப்பில் நான் ஒரு மணி நேரம் விளக்கியும் புரியாததை, இந்தப் படம் சிலருக்குப் புரியவைத்திருக்கிறது.

இவை என் பட்டியல். ஆனால் அடித்துவிட்ட அந்தப் பெயர் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

பழைய படங்கள் ஏன் அழிந்தன? 1950ஆம் ஆண்டையொட்டிய காலம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். வெப்பத்திலும் ஈரத்திலும் தானே கெட்டுப்போகும். இயற்கை செய்தது இது. மனிதர் செய்ததும் உண்டு. கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி கலந்திருக்கிறது. ஓடி ஓய்ந்த படத்தைக் கழுவி வெள்ளி எடுத்தால் சில ரூபாய் கிடைக்கும். அந்தச் சில ரூபாய்க்காகக் கழுவப்பட்ட படங்கள் பல. தென்னகத்தின் முதற் கதைப்படமாகிய 'கீசகவதம்' ஆர். நடராஜ முதலியாரின் அருமுயற்சி, அதுவும் இன்றில்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட மௌனப் படங்களுள், முழுமையாகவும் துண்டுகளாகவும் எஞ்சியவை மிகச் சிலவே.

1964இல் புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பெற்றது. பி. கே. நாயர் என்னும் பெருமகனார் ஊர் ஊராக அலைந்து பழைய சுருள்களைத் தேடிச் சேர்த்தார். தமிழ்ப் பேசும் படம் பிறந்து அப்போது முப்பத்துமூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. ஓலைச்சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் நடந்த நடையை நாம் போற்றுகிறோம். சுருள்களைத் தேடி நடந்தவரையும் அவ்வாறே போற்றவேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் சொன்ன படங்களைப் பாருங்கள். ஒரு முறை கதைக்காகவும், ஒரு முறை காலத்துக்காகவும் பாருங்கள். உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால் அருகில் அமர்த்திக்கொண்டு பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதை நாளும் ஆண்டும் இட்டு எழுதி வையுங்கள். பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ விளம்பரத் தாளோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

என் பாட்டியார் 'காளிதாஸ்' பற்றிச் சொன்னவற்றுள் பாதியை நான் எழுதி வைக்கவில்லை. பின்னர் எழுதலாம் என்றிருந்தேன். அவர் இன்று இல்லை, படமும் இல்லை. அந்தக் குறத்தி எப்படி ஆடினாள் என்று கேட்க எனக்கு இனி ஆளில்லை. உங்களுக்கு அந்நிலை வரவேண்டாம்.