காலண்டர் மாதிரி ஒரு வெப்சைட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாச்சியார்கோவிலிலிருந்து என் மைத்துனரின் பேரன் வந்திருந்தான். கையில் லேப்டாப். குத்துவிளக்குப் பட்டறைக்கும் கடைக்கும் சேர்த்துப் புதிதாக ஒரு இணையதளம் போடப்போகிறானாம். "தாத்தா, கலர் மட்டும் முடிவு பண்ணிட்டா மத்ததெல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சிடும்" என்று மூன்று மாதிரிகளைக் காட்டினான். ஒன்று மெரூன், ஒன்று கறுப்பில் தங்கம், ஒன்று வெள்ளை வெளேரென்று. என் சம்சாரம் மெரூனுக்கு ஓட்டுப் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

2000-ம் வருஷம் இதே கூடத்தில், இதே கேள்விக்கு நான் வாயைத் திறந்தேன். அதனால் பட்டறைக்கு வரவேண்டிய ஒரு கடைசல் மெஷின் வராமல் போனது. அந்தக் கதை பையனுக்குத் தெரியாது. அவன் அப்போது பிறக்கவே இல்லை.

கதைக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய பழக்கத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். அசோகரிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

கடைக்கு ஒரு முகம் வேண்டும் என்பது நம் பக்கத்து வியாபாரிகளுக்குப் புதிதல்ல. வாசலில் போர்டு, பில் புத்தகத்தின் தலைப்பில் சாமி படம், மஞ்சள் பையில் கடையின் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே காலண்டர். என் மாமனார் காலத்தில் வருஷா வருஷம் சிவகாசியிலிருந்து ஏஜெண்ட் ஒருவர் பெரிய ஆல்பத்தோடு வருவார். வீடே கூடி உட்கார்ந்து படம் தேர்ந்தெடுக்கும். லட்சுமியா முருகனா என்பதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பஞ்சாயத்து நடக்கும். கடைப் பெயர் படத்துக்குக் கீழே, டெலிபோன் நம்பர் அடியில் பொடி எழுத்தில். தை பிறந்தால் அது வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஏறிவிடும். அப்புறம் 365 நாளும் அங்கேயேதான் இருக்கும். ராகு காலம் பார்க்கும்போதெல்லாம் கடையின் பெயர் கண்ணில் படும். காலண்டரின் வேலை அவ்வளவுதான்: மறக்காமல் பார்த்துக்கொள்வது. அதற்குப் படம் பெரிதாகவும் நம்பர் சிறிதாகவும் இருந்தால் போதும். இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

இனி வெப்சைட்டின் சரித்திரம். 1989 மார்ச்சில், ஜெனிவா பக்கத்தில் உள்ள செர்ன் என்ற அணு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், தன் மேலதிகாரியிடம் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் வந்து போகிற இடம் அது. யார் எதைக் கண்டுபிடித்து எங்கே எழுதி வைத்தார்கள் என்பது ஆள் மாறும்போது தொலைந்து போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய, ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்குத் தாவிப் போகும் ஏற்பாட்டை யோசித்தார். 1991-ல் வெளியுலகம் பார்த்த உலகின் முதல் இணையதளத்தில் ஒரு படம் கிடையாது. வெறும் எழுத்துகள், நடுநடுவே தாவிப் போவதற்கான சொற்கள். இந்த ஏற்பாடு என்ன, எப்படிப் பயன்படுத்துவது, யாரைக் கேட்பது என்பதுதான் விஷயம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளை உலகத்துக்கே இலவசமாக விட்டுக்கொடுத்தது. அந்த வருஷமே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்ற உலாவி வந்தது. எழுத்தோடு சேர்ந்து அதே பக்கத்தில் படமும் தெரிய, சாதாரண ஜனங்களும் வியாபாரிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

1995 ஜூலையில் ஜெஃப் பெசோஸ் அமேசானை ஒரு புத்தகக் கடையாகத் திறந்தார். அதன் பழைய முகப்பின் படத்தை என் மகன் ஒருமுறை காட்டினான். "இதுவா?" என்று கேட்டுவிட்டேன். நம்மூர் ஜெராக்ஸ் கடை நோட்டீஸ்கூட அதைவிட லட்சணமாக இருக்கும். ஆனால் புத்தகத்தின் பெயரையோ எழுதியவர் பெயரையோ கொடுத்தால் தேடிக் கொடுத்தது, விலையைச் சொன்னது, வீட்டுக்கு அனுப்பியது. ஆரம்பத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும்படி வைத்திருந்தார்களாம். அது ஓயாமல் அடிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்களாம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். மூலமாக. தனியார் கம்பெனிகளுக்கு அனுமதி கிடைத்தது 1998 கடைசியில். அதற்கப்புறம்தான் கும்பகோணம் மாதிரி ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. மணிக்கு 40 ரூபாய் கொடுத்து, மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து, மோடம் கீச்சிடுவதைக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 2000-ல் என் மைத்துனரின் மகன் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தான். கடைக்கு வெப்சைட் போட்டால் வெளிநாட்டு ஆர்டர் குவியும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டான். மைத்துனர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, பட்டறையில் காவிரி வண்டல் மண்ணில் அச்சுப் பிடிப்பதிலிருந்து எல்லாம் கற்றவர். "மாப்பிள்ளை, நீங்க படிச்சவங்க. நீங்க சரின்னா சரி" என்று என்னிடம் வந்தார். ஆட்டம் கண்டுபோன பழைய கடைசல் மெஷினை மாற்றுவதற்காக 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். அதைத்தான் எடுக்கவேண்டும்.

நான் சரி என்றேன். அதோடு நின்றிருந்தால் பாதிப் பாவம்தான். எப்படி இருக்கவேண்டும் என்றும் நானே சொன்னேன். முதலில் இருட்டு, அதில் ஒரு குத்துவிளக்கு, ஐந்து திரியும் ஒவ்வொன்றாகத் தானே எரியவேண்டும், பின்னணியில் நாதஸ்வரம், அப்புறம் 'நல்வரவு' என்று தமிழில் எழுத்து விரியவேண்டும். சென்னையிலிருந்து செய்து கொடுத்தவர்கள் நான் சொன்னதை அப்படியே செய்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட, இதைப் பார்க்க வருகிறவர் யார், வந்தவர் என்ன கேட்பார் என்று பேசவே இல்லை. யோசித்துப் பார்த்தால் நான் போட்டுக் கொடுத்தது காலண்டர். படம் பெரிது, நம்பர் பொடி எழுத்து. காலண்டர் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்கும். இதைப் பார்க்க வருகிறவன் அரை நிமிஷம் நிற்பதே பெரிது என்பது எனக்கு உறைக்கவில்லை.

விளக்கு எரிகிற அந்தக் காட்சி மட்டும் 600 கிலோபைட். அன்றைய டெலிபோன் லைனில் நொடிக்கு நாலு கிலோபைட் வந்தால் அதிர்ஷ்டம். கணக்குப் போடுங்கள், இரண்டரை நிமிஷம் வெறும் இருட்டு! தமிழ் எழுத்து இன்னொரு தலைவலி. அப்போது ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தாலும், பார்க்கிறவர் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றால் 'நல்வரவு' என்பது கிறுக்கல் குறிகளாகத்தான் தெரியும். யூனிகோடு எல்லோருக்கும் பழகச் சில வருஷங்கள் ஆயின.

இதே தப்பை எங்களைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிதாகச் செய்தவர்கள் அதே சமயத்தில் லண்டனில் இருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பூ டாட் காம் என்று ஒரு ஆடைக் கடை. ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் ஆரம்பித்தது. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், 'மிஸ் பூ' என்ற பொம்மைப் பெண் கூடவே வந்து ஆலோசனை சொல்வாள். 1999 நவம்பரில் திறந்தார்கள். வீட்டு டெலிபோன் லைனில் அந்தப் பக்கம் நகரவே இல்லை. சுமார் 135 மில்லியன் டாலர் முதலீட்டை விழுங்கிவிட்டு, 2000 மே மாதம் மூடிவிட்டார்கள். பக்கம் கனமாக இருந்தது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, செலவுக்கும் அங்கே கணக்கு வழக்கு இல்லை. ஆனாலும் அதைப் படித்தபோது, எங்கள் நாதஸ்வரம்தான் என் காதில் கேட்டது.

2001 ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. டொரண்டோவில் குடியேறிய ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் எழுதியிருந்தார். சித்திரையில் மகளுக்குக் கல்யாணம், ஐந்தடி விளக்கு ஒரு ஜோடி வேண்டும், எத்தனை கிலோ வரும், என்ன விலை, கப்பலில் அனுப்புவீர்களா என்று. எங்கள் தளத்தில் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை, அதனால்தான் எழுதிக் கேட்டிருக்கிறார். மைத்துனர் மகன் அதற்குள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். பாஸ்வேர்டு அவனிடம். அந்தக் கடிதத்தை நாங்கள் திறந்தது ஆனி மாதம்.

மைத்துனர் என்னைப் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய், மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் அடிக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "கடை வாசல்ல வந்து நின்னவரை வாங்கன்னு சொல்ல ஆள் இல்லாம போச்சே மாப்பிள்ளை" என்றார். 45,000 ரூபாயைப் பற்றி அன்றும் சரி, 2011-ல் அவர் காலமாகும் வரையிலும் சரி, ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. பழைய மெஷின் இன்னும் ஐந்து வருஷம் ஆடிக்கொண்டே ஓடியது. நான் பட்டறைப் பக்கம் போனால் அந்தச் சத்தம் என்னைப் பார்த்துக் கேட்பது மாதிரி இருக்கும்.

2004-ல் தளத்தை மாற்றியபோது நான் ஒதுங்கிக்கொண்டேன். மைத்துனரே வழி கண்டார். கடையில் இருந்த கணக்குப்பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வருகிறவர்களும் போன் பண்ணுகிறவர்களும் முதலில் என்ன கேட்கிறார்களோ அதை எழுதி, திரும்ப அதையே கேட்டால் பக்கத்தில் ஒரு கோடு போடச் சொன்னார். ஒரு மாதம் கோடு விழுந்தது. அதிகக் கோடு வாங்கியது "எத்தனை அடிக்கு எத்தனை கிலோ?" என்பதுதான். அடுத்தது நான் கனவிலும் நினைக்காத ஒன்று: "உபயம்னு பேர் வெட்டித் தருவீங்களா?" கோவிலுக்கு விளக்கு கொடுக்கிறவர்களுக்கு அதுதானே முக்கியம்! அப்புறம் "கழற்றி மாட்டலாமா, பார்சல்ல போனா வளையாதா?" என்பது. நாதஸ்வரம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

விலை போடுவதா வேண்டாமா என்பதில்தான் தகராறு. பித்தளை ரேட் நிலையாக நிற்காது. போட்ட விலையைப் பக்கத்துக் கடைக்காரரும் பார்ப்பார். மைத்துனர் ஒரு அட்டவணை போடச் சொன்னார். உயரம், சுமார் எடை, அவ்வளவுதான். 'இன்றைய ரேட்டுக்கு இந்த நம்பரில் கேளுங்கள்' என்று மேலே பெரிய எழுத்தில் கடை நம்பர். விளக்கு பாதம், தண்டு, தட்டு, உச்சி அன்னம் என்று மரையைத் திருகிக் கழற்றி வைத்த ஒரு போட்டோ, வைக்கோல் போட்டு மரப்பெட்டியில் அடுக்கிய இன்னொரு போட்டோ, பெயர் வெட்டிய பாதத்தின் போட்டோ. வெள்ளைப் பின்னணி. பார்க்க ஒன்றுமில்லைதான். முதல் மாதமே கோயம்புத்தூரிலிருந்து ஒரு கோவில் தர்மகர்த்தா கூப்பிட்டு, அட்டவணையில் மூன்றாவது வரி என்று படித்துக் காட்டி ஆர்டர் கொடுத்தார். ஆர்டர் குவியவெல்லாம் இல்லை. மாதத்துக்கு ஒன்று, இரண்டு. 2006-ல் கடைசல் மெஷின் வந்தது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். கலரைப் பற்றிக் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். "ஒரு மாசமா தாத்தா?" என்று முகத்தைச் சுளித்தான். நேற்று ராத்திரி போன் பண்ணினான். ஐந்து நாளில் அதிகக் கோடு வாங்கியிருப்பது "ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?" என்பதாம். ஞாயிறு கடை உண்டா இல்லையா என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.