வளர்நிலை மதிப்பீடு

திட்டம் முடியும்வரை காத்திராமல், அது உருவாகும்போதே மதிப்பீட்டாளர் குழுவோடு அமர்ந்து தரவு திரட்டி, அடுத்த மாற்றத்துக்கு வழிகாட்டும் முறை. வடிவமைப்புச் சிந்தனையின் மாதிரி செய்தல், பயனாளியிடம் சோதித்தல், திருத்துதல் ஆகிய சுழற்சி இதனுடன் இயல்பாகப் பொருந்துகிறது.

1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தார்: திட்டத்தைச் செம்மைப்படுத்துவது ஒன்று, இறுதித் தீர்ப்பு சொல்வது மற்றொன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில் தலைமைப் பயிற்சித் திட்டம் ஒன்றை மதிப்பிட்ட மைக்கேல் குவின் பேட்டனுக்கு இந்தப் பிரிவினை போதவில்லை. ஏனெனில், இறுதி மதிப்பீட்டுக்காகத் திட்டத்தை மாற்றாமல் நிறுத்திவைக்க அதை நடத்தியவர்கள் மறுத்துவிட்டார்கள். 1994இல் பேட்டன் வளர்நிலை மதிப்பீட்டை முன்வைத்தார்.

அணுகுமுறையின் பலனை உணர்த்தும் எடுத்துக்காட்டு, ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 2007இல் வடிவமைக்கத் தொடங்கிய 'எம்ப்ரேஸ்' என்ற குழந்தை வெப்பப்பை. குறைமாதக் குழந்தைகளுக்கானது, உள்ளே மெழுகு போன்ற பொருள் வெப்பத்தைத் தேக்கிவைக்கும். இந்தியாவில் மாதிரியைக் காட்டியபோது ஒரு தாய், ஆங்கில மருத்துவம் வீரியமானது என்பதால் 37 டிகிரி என்று சொன்னால் நான் 30தான் வைப்பேன் என்றார். அதனால் வெப்பநிலை எண்கள் நீக்கப்பட்டன, சரியான வெப்பநிலையா இல்லையா என்பதை மட்டும் காட்டும் குறி வந்தது. விநியோகத்துக்குப் பின் நடக்கும் கணக்கெடுப்பு இந்தக் கோளாறைக் காலம் கடந்துதான் சொல்லியிருக்கும்.

சிக்கலும் உண்டு. நிதி தருவோர் முதல் நாளே இலக்குகளை ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள். பிறகு திருத்துவதைத் தோல்வியாகவே பார்க்கிறார்கள். குழுவோடு நெருங்கிய மதிப்பீட்டாளரின் நடுநிலையும் கேள்விக்குள்ளாகிறது. வழிமுறை உறுதிப்பட்ட திட்டங்களுக்கு வளர்நிலை மதிப்பீடு தேவையில்லை. அங்கே இறுதி மதிப்பீடே போதும்.