செருக்கும் பணிவும்: கிரேக்கத் தொன்மமும் சங்கப் பாடலும்

கிரேக்கத் தொன்மங்களில் மனிதரை வீழ்த்தும் குற்றங்களுள் முதன்மையானது ‘ஹூப்ரிஸ்’. இதைச் செருக்கு என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அது பாதிதான் சரி. ஏதென்ஸ் நகரில் ஹூப்ரிஸ் வழக்குத் தொடுக்கத்தக்க குற்றமாக இருந்தது. பிறரை இழிவுபடுத்தி அதில் இன்பம் காண்பது என்று அரிஸ்டாட்டில் அதை விளக்கினார். தன் திறமையை எண்ணி ஒருவர் மகிழ்வது வேறு, அதைக் கொண்டு இன்னொருவரைத் தாழ்த்துவது வேறு. மாணவர்களுக்குச் சொல்லும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, ‘வாயை மூடிக்கொண்டு இரு’ என்பதே இக்கதைகளின் பொருள் என்று சுருக்கிவிடுகிறோம்.

சூரியனை நெருங்கிப் பறந்து கடலில் விழுந்த இகாரஸை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் அளவு மீறியவன், யாரையும் இழிவுபடுத்தியவன் அல்லன். சரியான எடுத்துக்காட்டு தீப்ஸ் நகரத்து அரசி நியோபி. தனக்குப் பிள்ளைகள் பலர், லெட்டோ தெய்வத்துக்கு இருவர்தாமே என்று அவள் ஏளனம் செய்தாள். அந்த இருவரான அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும் அவளுடைய பிள்ளைகளை அம்பெய்து கொன்றனர். பிள்ளைகள் பன்னிருவர் என்கிறார் ஹோமர். பதினால்வர் என்போரும் உண்டு. அழுது அழுது அவள் பாறையானாள்.

இந்தக் கதையை ‘இலியட்’ காப்பியத்தில் யார், யாருக்குச் சொல்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு டிராய் நாட்டு முதிய அரசர் பிரியம், பகைவன் அக்கிலிஸின் கூடாரத்துக்கு இரவில் தனியே வருகிறார். மகனைக் கொன்ற கையையே முத்தமிடுகிறார். அதுவரை ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்துக்கொண்டிருந்த அக்கிலிஸ், தன் தந்தையை நினைத்து அழுகிறான். நியோபிகூடத் துயரத்தின் நடுவே உணவு உண்டாள் என்று சொல்லி முதியவரைச் சாப்பிட வைக்கிறான். கிரேக்க இலக்கியத்தில் பணிவுக்கு இதைவிட உயர்ந்த காட்சியை நான் அறியேன்.

தொன்மத்தில் கண்ட இந்தக் குற்றத்தைக் கிரேக்கர் வரலாற்றிலும் கண்டனர். பாரசீகப் பேரரசர் செர்க்ஸஸ் அமைத்த பாலத்தைப் புயல் உடைத்தபோது, கடலுக்கு 300 கசையடி கொடுக்கச் சொன்னார் என எரோடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. 480இல் சாலமிஸ் கடற்போரில் அவருடைய படை தோற்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, கி.மு. 472இல், ஈஸ்கிலஸ் ‘பாரசீகர்’ என்ற நாடகத்தை ஏதென்ஸில் அரங்கேற்றினார். வென்றவர்கள் கூடியிருந்த அரங்கில் தோற்றவர்களின் அழுகை ஒலித்தது.

கிரேக்கம் நமக்குத் தொலைவான நாடுதான். ஆயினும் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடல் செலவு’ என்ற வணிக நூல் குறிப்பிடும் சோபட்மா துறைமுகம், எங்கள் பிரம்மதேசத்தை அடுத்துக் கடற்கரையில் உப்பளங்களோடு இருக்கும் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கிரேக்கக் கதைகள் இங்கே இறங்கின என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் காலத்தை ஒட்டிய நம் பாடல்களிலும் வென்றவனின் செருக்கு கேள்விக்கு உள்ளாகிறது. தண்டிக்கத்தான் தெய்வம் வருவதில்லை.

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இங்கே ஆயுதங்கள் மாலை சூடி, நெய் பூசிப் பளபளக்கின்றன. அங்கே அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வதுபோல் சொன்ன சொல் அது.

வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகிலும் புண்பட்ட சேரன் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். குயவர் குலப் பெண்ணான வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பார்த்துப் பாடினார். காற்றையே ஏவல்கொண்டு கலம் ஓட்டியோர் வழிவந்தவன் என்று முதலில் அவனைப் புகழ்ந்தார். பிறகு, புண்ணுக்கு நாணி இறந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டார். புறநானூற்றில் அது 66ஆம் பாடல். அதற்கு முந்தைய பாடலில், அதே சேரன் வடக்கிருந்த நாளில் முழவும் யாழும் ஊர்விழாவும் மறக்கப்பட்டதைக் கழாத்தலையார் பாடியிருக்கிறார்.