கொட்டு, அசை, தூக்கு

நம் விமர்சனத்தில் இசைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை என்றால் லயம் ஒரு முறையாவது வந்துவிடும். சுருதி பேதம், தொனி, அபஸ்வரம் எல்லாம் கூடவே வரும். ஒரு கவிஞன் 'தன் குரலைக் கண்டடைந்துவிட்டான்' என்ற வாக்கியம் இல்லாத முன்னுரையை நான் அதிகம் பார்த்ததில்லை. கடன் வாங்குவதில் தவறில்லை. கொடுத்தவன் வீட்டில் அந்தப் பொருளுக்கு என்ன உபயோகம் என்று கேட்பதும் தவறில்லை. சில சொற்களை மட்டும் அவை கிளம்பிய இடம் வரைக்கும் பின்தொடர்ந்து பார்க்கிறேன்.

லயம் என்றால் நமக்கு ஓட்டம், வழுக்கிக்கொண்டு போகும் ஒரு இசைவு. சாஸ்திர நூல்களில் லயம் என்பது அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள ஓய்வு. இரண்டு தட்டுகளுக்கு இடையே எதுவும் தட்டப்படாத காலம். அந்த ஓய்வு நீண்டால் விளம்பம், குறுகினால் துரிதம், நடுவில் மத்தியம். ஆக ஓசையின் பெயரல்ல அது, ஓசை இல்லாத இடத்தின் அளவு. ஒரு கவிதையில் லயம் இருக்கிறது என்று எழுதுகிறவர் அதன் மௌனங்களைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். பேசுவதென்னவோ எதுகை மோனையை.

இதைவிட நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது யாப்பு விவகாரம். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தாளத்தின் உறுப்புகளாக நான்கைச் சொல்லுகிறார்: கொட்டு, அசை, தூக்கு, அளவு. கொட்டு அரை மாத்திரை, அசை ஒன்று, தூக்கு இரண்டு, அளவு மூன்று. இவை சேர்ந்து அமைவது பாணி. பாணி என்றால் கை. கையால் அளக்கப்பட்டதால் தாளத்துக்கே பாணி என்று பெயர். இன்று நாம் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னாருடைய பாணி, அவருடைய பாணியைப் பின்பற்றும் இவர், என்று. கையும் காலமும் அதிலிருந்து போய்விட்டன.

நால்வரில் அசையும் தூக்கும் அளவும் யாப்பு வீட்டுப் பிள்ளைகளும்கூட. சீர் என்ற சொல்லும் அப்படித்தான், இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறது. எது முந்தியது, இசையிலிருந்து யாப்புக்கு வந்ததா யாப்பிலிருந்து இசைக்குப் போனதா என்ற வழக்கில் எனக்கு அக்கறையில்லை. ஒரே சொல் இரண்டு கலைகளிலும் காலத்தை அளக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதுதான் முக்கியம். 1959இல் 'எழுத்து' தொடங்கிய பிறகு புதுக்கவிதையை ஒட்டி நடந்த சண்டைகளில் இரு தரப்பாரும் இதை மறந்துவிட்டார்கள். மரபுக்காரர்களுக்கு அசை என்பது நேர், நிரை என்று தாளில் பிரித்துக் காட்டும் ஒரு இலக்கணக் கூறு. புதியவர்களுக்கு அதே அசை ஒரு விலங்கு. இரு தரப்பாருக்கும் அது கண்ணுக்குத் தெரியும் பொருளாகத்தான் இருந்தது. அசையை உதறியவர்கள் உதறியது ஒரு வாய்ப்பாட்டை. அதைக் காத்தவர்கள் காத்ததும் அதே வாய்ப்பாட்டைத்தான். கையிலிருந்த அசை மிருதங்கக்காரரிடம் வேறு பெயரோடு தகிட, தகதிமி என்று பத்திரமாக இருந்தது. சொற்கட்டு என்று அவர் அதற்கு வைத்திருக்கும் பெயரை நாம் கவனித்ததேயில்லை. சொல்லைக் கட்டுவது நம் தொழில் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்!

இனி ஏழு பெயர்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றை இன்று கேட்கிற ஒருவனுக்குத் துத்தம் மருந்துக்கடைச் சமாசாரம், கைக்கிளை ஒருதலைக் காதல், உழை மான், தாரம் மனைவி. குரலுக்குப் பழைய பாட்டிலேயே தினைக்கதிர் என்றும் பெண்ணின் கூந்தல் என்றும் அர்த்தங்கள் உண்டு. இத்தனைக்கும் நடுவில் அவை ஸ்வரங்களின் பெயர்கள் என்பதைப் படித்தவர்களே மறந்திருந்தார்கள். 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் பதிப்பித்த பின்புதான் இப்பெயர்கள் மறுபடி விவாதத்துக்கு வந்தன. அடியார்க்கு நல்லாரே பல இசை நூல்கள் இறந்துபட்டன என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். எஞ்சியவற்றை வைத்துக்கொண்டு உரை எழுதியவர் அவர். நாம் படிப்பது மீட்பின் மீட்பு.

ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி அவர்களுக்கு இந்த ஏழு பெயர்களை இடுகிறாள். குரலாக நின்றவள் மாயவன், இளியாக நின்றவள் பலதேவன், துத்தம் நப்பின்னை. ஒரு இசைக் கோட்பாட்டைப் பெண்களின் உடலால் தரையில் வரைந்து காட்டுவது வேறு எந்தக் காவியத்திலாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். உரைகாரர்கள் அந்த வட்டத்தைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்து இடம் சொல்லுகிறார்கள். குரல் துலாத்தில், துத்தம் தனுசில், கைக்கிளை கும்பத்தில், உழை மீனத்தில், இளி இடபத்தில், விளரி கடகத்தில், தாரம் சிம்மத்தில். ஆர்மோனியத்தின் பன்னிரண்டு கட்டைகளை எண்ணுவது போல ராசிகளை எண்ணினால் வந்து நிற்பது அரிகாம்போதி. எஸ். ராமநாதன் போன்றவர்கள் செம்பாலையை அரிகாம்போதியாகக் கண்டது இப்படித்தான்.

அதற்கு முன் நடந்தது பெரிய வழக்கு. தஞ்சாவூரில் சித்த வைத்தியம் செய்து சம்பாதித்த ஆபிரகாம் பண்டிதர் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைத் தம் செலவில் கூட்டி விவாதிக்க வைத்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டுக்குத் தம் பெண்களை அழைத்துச் சென்று வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். 1917இல் வெளியான 'கருணாமிர்த சாகரம்' ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கணக்கை மறுத்து 24 என்றது. அதில் குரல் ஷட்ஜம், செம்பாலை சங்கராபரணம். முப்பது வருஷம் கழித்து, 1947 ஜூனில், திருக்கொள்ளம்பூதூரில் விபுலானந்தரின் 'யாழ் நூல்' அரங்கேறியது. அவர் மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானம் படித்தவர். நூல் அரங்கேறி ஒன்றரை மாதத்துக்குள் காலமாகிவிட்டார். அவருக்குக் குரல் மத்திமம்.

அவர் வழிக்கு ஆதாரம் உண்டு. உரையில் வரும் அலகுக் கணக்கு குரலில் தொடங்கி 4, 4, 3, 2, 4, 3, 2, கூட்டினால் 22. பரதருடைய கணக்கு ஷட்ஜத்தில் தொடங்கி 4, 3, 2, 4, 4, 3, 2. இதுவும் 22. இரண்டாவதை மத்திமத்திலிருந்து எண்ணினால் முதலாவது அப்படியே வந்துவிடுகிறது. ஆகவே குரல் மத்திமம், இளி ஷட்ஜம். ராசிக் கணக்குக்காரர்களோ குரல் ஷட்ஜம்தான் என்கிறார்கள். ஆனால் 4, 3, 2, 4, 3, 2, 4 என்று குரலிலிருந்து மேலே ஏறிப் பாருங்கள். நாலையும் மூன்றையும் முழு இடைவெளியாக, இரண்டை அரை இடைவெளியாக வைத்தால் வருவது மறுபடி அதே அரிகாம்போதி! நரம்புகளின் இடைவெளி ஒன்றுதான். எந்த நரம்புக்கு 'ஸ' என்று பெயர் வைப்பது என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டையே நம் காலத்து வாத்தியத்தினால் வந்த சண்டை என்று எனக்குத் தோன்றுகிறது. யாழுக்கு மெட்டு இல்லை. வில்லில் கட்டிய நரம்புகள், நரம்புக்கு ஒரு ஸ்வரம். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. நரம்புகளைத் தொடாமலே, குரலுக்குப் பதில் துத்தத்தில் தொடங்கினால் அது வேறு பாலை. கைக்கிளையில் தொடங்கினால் இன்னொன்று. பண்ணுப் பெயர்த்தல் என்று இதற்குப் பெயர். தொடங்கும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும் இசையில் 'எது ஷட்ஜம்' என்ற கேள்விக்கு இடமே இல்லை. பின்னால் வீணை வருகிறது. ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் நிலையாகப் பதிந்துவிட்டன. தம்புரா இடைவிடாமல் ஒரே ஆதாரத்தை மீட்டுகிறது. அதற்குப் பிறகு ஸ அசையாது. வேங்கடமகி 72 மேளங்களைக் கணக்கிட முடிந்தது அது அசையாததால்தான். பண்ணுப் பெயர்த்தல் கிரகபேதம் என்ற பெயரில் கச்சேரியில் கைதட்டல் வாங்கும் சாமர்த்தியமாகச் சுருங்கிவிட்டது. சுருதி என்ற சொல்லுக்கும் இதே கதி. 22இல் ஒரு பங்காக இருந்த அளவு, பின்னால் ஓயாது ஒலிக்கும் ஆதாரமாகிவிட்டது.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தீர்மானத்தோடு எழுந்த தமிழிசைக் கிளர்ச்சியும் 1943இல் சென்னையில் அமைந்த தமிழ் இசைச் சங்கமும் பாட்டின் மொழியைப் பற்றி அதிகம் பேசின. அது நியாயமான கோரிக்கை. ஆனால் ஸரிகமபதநி இருந்த இடங்களில் குரல் துத்தம் என்று எழுதிவிட்டால் பழைய இசை திரும்பிவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்தது. சொல் திரும்பலாம். அது குறித்த நரம்பு திரும்பவில்லை. ஓதுவார் மரபு இதைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. பண்ணின் பெயரை ஏட்டில் வைத்துக்கொண்டு, பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும் கௌசிகத்தைப் பைரவியிலும் மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும் பாடியது. இந்தக் கடைசிப் பெயரைப் பாருங்கள், பண்ணின் பெயருக்குள்ளேயே ராகம் உட்கார்ந்திருக்கிறது. தூய்மை பேசுகிறவர்கள் இதை என்ன செய்வார்களோ.

இசையின் நெசவைக் குறிக்க, அதாவது ஒரே சமயத்தில் ஒலிப்பவை ஒன்றோடொன்று என்ன உறவில் நிற்கின்றன என்பதைக் குறிக்க, மேற்கத்தியர்களிடம் தனிப் பெயர்கள் உண்டு. நம்மிடம் பெயர்ச்சொல் இல்லை. ஆனால் அரங்கேற்று காதையில் ஒரு வரிசை இருக்கிறது: யாழ் குழலின் வழி, தண்ணுமை யாழின் வழி, முழவு தண்ணுமையின் பின்வழி, ஆமந்திரிகை முழவோடு கூடி. ஒரே மெட்டை ஒருவர் பின் ஒருவராகச் சற்றே விலகிப் பற்றிக்கொண்டு போவது. இன்று பாடகருக்கு அரை நொடி பின்னால் பிடில் நிழலாய் வருவதும் இதே காரியம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீக்ஷிதரும் வடிவேலுவும் அந்த அந்நிய வாத்தியத்தை எடுத்துக்கொண்டபோது, அது நிற்கவேண்டிய இடம் ஏற்கனவே இங்கே இருந்தது. வழி என்ற ஒரு சின்னச் சொல் அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தது.

கானல்வரியில் மாதவி யாழைக் கையில் எடுத்ததும், பாடுவதற்கு முன் நரம்புகளைச் சோதிக்கும் செயல்களுக்கு எட்டுப் பெயர்கள் வருகின்றன. பண்ணல், பரிவட்டணை, தைவரல், செலவு, குறும்போக்கு என்பவை அவற்றில் சில. எல்லாமே விரல்கள் செய்யும் வேலையின் பெயர்கள். அடியார்க்கு நல்லார் இவற்றை விளக்கியிருப்பார் என்று போய்ப் பார்த்தால், கானல்வரிக்கு அவருடைய உரை கிடைக்கவில்லை. அரும்பதவுரைதான் இருக்கிறது.